நீ தெரிந்தெடுத்த நீல மேலங்கி

என் ஆசைத் தம்பி குகனுக்கு,

எனக்கு உன்னோடு கோபம். சும்மா கோபமில்லை, நல்ல கோபம். நீ போன கவலையில் அது கரைந்துவிடும் என்று பார்த்தேன். வருசமாகப் போகிறது, கரையவில்லையடா.

உன்னுடைய ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். "அக்கா எழுதாட்டி வேறை ஆர் எழுதிறது" என்று என்னையும் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துப் பார்த்தேன். பண்பின் சிகரமாம். பொறுமையின் இருப்பிடமாம். பொறுமையா? நீயா? ரயில் கொஞ்சம் பிந்தினால் மேடையில் நின்று மணிக்கூட்டோடு சண்டை பிடிக்கிறவனுக்குப் பொறுமையாம்! வேறு ஆரையோ நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நான் உள்ளதை எழுதப்போகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்டால் கேட்கட்டும்.

கேட்கிறவர்களில் உன்னைக் கலியாண வீடுகளில் மட்டும் கண்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீயும் நானும் சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில், ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். நீ அங்கே படித்த தாதி. ஆண் தாதி என்று ஆராவது சொன்னால் உனக்குப் பிடிக்காது. "தாதி எண்டால் தாதிதான், அதிலை என்ன ஆணும் பெண்ணும்" என்பாய். நான் துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பு. நீ முதியவர்களைக் கழுவித் துடைத்தாய், நான் அவர்களுடைய அறையையும் கழிவறையையும் கழுவித் துடைக்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டேன். இடைவேளையில் கோப்பி மெசினடியில் நாங்கள் கதைப்பதைக் கேட்கிற சுவிஸ்காரர், அக்காவும் தம்பியும் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். அநேகமாகச் சண்டைதான்.

கொரோனா தொடங்கின அந்த வசந்த காலத்தில் நீ பிடித்த சண்டையையும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு நன்றி கெட்டவள் என்ற பெயர் வரும். தொற்று உள்ளவர்களின் அறைக்குள் போகும்போது உடுப்புக்கு மேலே போடுகிற மேலங்கி, நாங்கள் இங்கே கிட்டல் என்று சொல்கிற சாமான், எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் கடதாசி மாதிரி. ஒரு கிழவர் இருமினால் ஈரம் உள்ளே வந்துவிடும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்த நாளும் இருந்தது. நீ போய் நிர்வாகியின் மேசையில் தட்டினாய். "இந்தக் கடதாசியைப் போட்டுக்கொண்டு நீங்கள் முதலில் உள்ளே போங்கள், நான் பின்னால் வருகிறேன்" என்று ஜெர்மனில் கேட்டாய். அறைக்கு வெளியே நின்ற நான் கதவை மெல்லச் சாத்தினேன்.

எங்கெங்கோ தொலைபேசி எடுத்து, மாதிரிக்கு வந்த ஒவ்வொன்றையும் குழாயடியில் பிடித்துப் பார்த்தாய். கைப்பகுதிக்குள் ரிஸ்யூக் கடதாசியை வைத்துவிட்டு மேலே தண்ணீரைத் திறந்துவிடுவாய். ரிஸ்யூ நனைந்தால் அந்த மேலங்கி குப்பைக்கு. கடைசியாக நனையாத ஒன்று வந்தது. தடித்த நீலம், உள்ளே பூச்சுப் பூசியது, கழுத்திலும் முதுகிலும் கட்டுகிறது. "அக்கா, இதுதான்!" என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாய். அந்த நேரத்தில் அது சரியான தெரிவு. அதில் எனக்கு இரண்டாம் கதை இல்லை. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போன ஒவ்வொருவரும் உன்னை வாழ்த்திக்கொண்டுதான் போனோம். இல்லத்தில் அதற்கு உன் பெயரையே வைத்துவிட்டார்கள். குகன் கிட்டல்.

பிறகுதான் கரைச்சல்.

நீ வளர்ந்தவன். அப்பாவின் உயரம் முழுக்க உனக்கு வந்தது, எனக்கு மூக்கு மட்டும் வந்தது. அந்த நீல மேலங்கி ஒரே அளவில்தான் வரும். உனக்கு அது முழங்காலுக்குக் கீழே அழகாக நின்றது. என்னுடைய பெண்களுக்கு அது குதிக்காலைத் தாண்டித் தரையைக் கூட்டியது. நிலம் துடைக்கக் குனிந்தால் முன்பக்கக் கரை ஈரத்தில் கிடக்கும். ஒரு அடி வைத்தால் தங்கள் கிட்டலைத் தாங்களே மிதிப்பார்கள்.

எங்கள் பெண்கள் என்ன செய்வார்கள்? சின்ன வயசிலிருந்து செய்ததைத்தான் செய்தார்கள். பாவாடையோ, சேலையோ, வீட்டில் போடுகிற சோட்டியோ, குனிந்து வேலை தொடங்கினால் கை தானாகவே கரையைத் தூக்கி இடுப்பில் சொருகும். அதை யோசித்துச் செய்கிறவள் ஒருத்தியும் இல்லை. கிட்டலையும் அப்படியே தூக்கி, உள்பக்கமாக மடித்து இடுப்பு நாடாவுக்குள் சொருகினார்கள். நிலத்தில் கிடந்த அழுக்குக் கரை இப்போது வயிற்றில், தங்கள் வெள்ளைச் சட்டையோடு ஒட்டிக்கொண்டு. கிட்டலைக் கழற்றிக் குப்பையில் போட்டாலும் சட்டை அவர்களோடு அடுத்த அறைக்குப் போகும்.

நீ அதைக் கண்டாய். கண்டதும் உனக்கு வந்த கோபம்! "சொருகாதேங்கோ! சொருகாதேங்கோ!" என்று நடைபாதை முழுக்கக் கத்தினாய். ஒரு படம் கீறி, அதில் சிவப்புக் குறுக்குக் கோடு போட்டு, எங்கள் அலுமாரிக் கதவில் ஒட்டினாய். படத்தில் கீறின பெண் பூசணிக்காய் மாதிரி இருந்தாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ நிற்கும்போது சொருகமாட்டார்கள், உன் தலை மறைந்ததும் சொருகுவார்கள்.

"எடேய், கிட்டல் நீளமடா" என்று நான் உனக்கு எத்தனை தரம் சொன்னேன்?

"நீளம்தான் அக்கா காப்பு. கட்டையெண்டால் காலிலை தெறிக்கும்."

"உன்ர காலிலை தெறிக்கும். அதுகளின்ர கால் எங்கை இருக்கு? கிட்டலுக்கை!"

"உங்கட ஆக்களைப் பழக்குங்கோ. கிட்டலைக் குறை சொல்லாதேங்கோ."

உங்கட ஆக்கள். அந்தச் சொல் எனக்கு இன்னும் வலிக்கிறது. நீ பெண்களில்தான் பிழை கண்டாய், கிட்டலில் காணவில்லை. உன் கையால் குழாயடியில் பிடித்துத் தெரிந்தெடுத்ததல்லவா? அதில் ஒரு குறை சொன்னால் உன் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் கறுக்கும். இந்தச் சண்டை முடியவில்லை. முடிக்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓர்லிகோனில் உன் வீட்டில் தேத்தண்ணி கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தாயாம். உன் மனுசி தர்சினி தேத்தண்ணி கொண்டுவர நீ இல்லை. அப்படி ஆராவது சண்டையின் நடுவில் எழும்பிப் போவார்களா?

இனித்தான் உனக்குத் தெரியாத கதை வருகிறது.

இந்த மாரியில் இல்லத்தில் வயிற்றோட்டமும் வாந்தியும் பரவியது. முதலில் கீழ்மாடி, பிறகு மேல்மாடி. உனக்குத் தெரியும், முதியவர்களுக்கு அது வந்தால் எப்படி என்று. மேல்மாடிக்கு எப்படிப் போனது என்று விசாரணை நடந்தது. கீழ்மாடியில் கலா கிட்டலைச் சொருகிக்கொண்டு நின்றதை ஒரு தாதி கண்டிருக்கிறாள். அன்றைக்கே கலா மேல்மாடியிலும் வேலை செய்தாள். அவ்வளவுதான். கலாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொன்று வந்தால் வேலை இல்லை.

கலாவை இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. யுத்தம் முடிந்தபிறகு தனியாக வந்து சேர்ந்த பிள்ளை. வருசக்கணக்காகத் தற்காலிக F அட்டையோடு இருக்கிறாள். இப்போதுதான் வதிவிட உரிமை தருகிற B அட்டைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நிரந்தர வேலை இருக்கவேண்டும், வேலையிடத்தில் நல்ல பெயர் இருக்கவேண்டும். இந்த வேலை போனால் அந்த விண்ணப்பமும் போய்விடும். அவளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்து விட்டவனும் நீதான். "அக்கா, நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, எடுத்துப் பாருங்கோ" என்றாய். எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதில் அது சரியாக இருந்தது.

நான் தாதிகளுக்குத் தலைவியாக இருக்கிற ஃப்ராவ் வீட்மரிடம் போனேன். நல்ல மனுசி, உனக்காக அழுதவ. "மேலங்கியில் பிழை இல்லை வசந்தி" என்றா. "அதைக் குகனே தெரிந்தெடுத்தார். சொருகவேண்டாம் என்று அவரே படம் போட்டு ஒட்டியிருக்கிறார். தெரிந்துகொண்டும் சொருகினால் அது யாருடைய பிழை?"

பார்த்தாயா? உன்னுடைய பூசணிக்காய்ப் படம் கலாவுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது.

அதே நேரத்தில் பழைய கிட்டல்கள் முடிந்துகொண்டு வந்ததால், புதிதாக எதை வாங்குவது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். நிர்வாகி ஹெர் சுட்டர், ஃப்ராவ் வீட்மர், வெளியிலிருந்து வந்த ஒரு சுகாதார ஆலோசகர், பிறகு நான். மேசையில் மூன்று கிட்டல். ஒன்று பழைய கடதாசிச் சாதி, அதைத் தொட்டதும் தள்ளிவைத்தோம். இரண்டாவது உன்னுடைய நீலம். மூன்றாவது பச்சை. அதுவும் நனையாதுதான், ஆனால் கட்டை நெட்டை என்று இரண்டு அளவில் வரும். சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் கட்டலாம், இன்னொருத்தி முதுகில் முடிச்சுப் போடத் தேவையில்லை. கழுத்தில் ஒரு இழுவை இழுத்தால் கழன்றுவிடும். எனக்குப் பார்த்ததும் விளங்கியது, இதுதான் என்னுடைய பெண்களுக்கு.

முதல் கூட்டத்திலேயே ஃப்ராவ் வீட்மர் சொன்னா, "எனக்குத் தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. இது குகனுடைய மேலங்கி. அவரை நினைத்து இதையே வைத்துக்கொள்வோம்." ஹெர் சுட்டர் தலையை ஆட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்கலங்கி நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு பார்த்தார்கள். நான் என்ன சொல்ல? நீல மேலங்கி சரியென்றால் கலா பிழை. கலா பிழையில்லை என்றால் நீ பிழை. செத்த தம்பியா, உயிரோடு இருக்கிற பிள்ளையா என்று என்னைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிட்டாயேயடா! வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று ஆலோசகர் சொன்னது நல்லதாய்ப் போயிற்று.

உடுப்பு மாற்றுகிற அறையில் கலா காத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா சொன்னவை?"

"ஒண்டும் முடியேல்லை. அடுத்த முறை கதைக்கிறன். கிட்டல் நீளமெண்டு சொல்லப்போறன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமக்கா. அண்ணையின்ர பேருக்கு ஒரு சொல் வரக்கூடாது. அவர் இல்லாட்டி நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டன். நான் பிழையெண்டே இருக்கட்டும்."

"விசர்க்கதை கதையாதை. வேலை போனால் உன்ர அட்டைக்கு என்ன செய்வாய்?"

"வேறை வேலை தேடுறன்."

"எங்கை தேடுவாய்? எச்சரிக்கை வாங்கினவளுக்கு ஆர் குடுப்பினம்?"

அவள் தொப்பியைக் கழற்றி மடித்து மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மேலும் எரிச்சல் வந்தது, உன் மேலும் வந்தது. உன்னை எல்லோரும் சேர்ந்து சாமியாக்கிவிட்டார்கள். சாமியோடு ஆர் வாதாடுவது?

இரண்டாவது கூட்டத்துக்கு ஆலோசகர் ஒரு போத்தலும் ஒரு சின்ன விளக்கும் கொண்டுவந்தார். போத்தலில் இருப்பது சும்மா கண்ணுக்குத் தெரியாத திரவம். அந்த ஊதா விளக்கைப் பிடித்தால் மட்டும் பளிச்சென்று மின்னும். அதை நிலத்தில் ஊற்றி, "இதுதான் வாந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கிட்டலைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலத் துடைத்துவிட்டு, கழற்றியபிறகு விளக்கைப் பிடித்துப் பார்க்கவேண்டும். ஆர் முதலில்? துப்புரவுக்குப் பொறுப்பானவள் நான்தானே. ஃப்ராவ் வீட்மர் அன்போடு உன்னுடைய நீலத்தை எடுத்து எனக்குப் போட்டு, முதுகில் முடிச்சும் போட்டுவிட்டா. தோளில் ஒரு தட்டும் தட்டினா.

சத்தியமாகச் சொல்கிறேன் குகன், நான் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மனதில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது, உன் பெயரை எடுக்காமல் சொல்ல ஏலுமா என்று யோசித்துக்கொண்டுதான் துடைத்தேன். வாளிப் பக்கம் திரும்பினேன், பிழிந்தேன், மூலைக்குள் குனிந்தேன். துடைத்து முடித்து, கையுறையைக் கழற்றி, ஃப்ராவ் வீட்மர் முடிச்சை அவிழ்க்க, கிட்டலையும் கழற்றிப் போட்டேன். ஆலோசகர் அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கைப் பிடித்தார்.

முதலில் கிட்டலைப் பார்த்தார். வெளிப்பக்கம் முழுக்க மின்னியது, உட்பக்கம் ஒரு துளியும் இல்லை. "அருமை" என்றார். ஃப்ராவ் வீட்மர் சிரித்தா. பிறகு அவர் விளக்கை என் பக்கம் திருப்பினார். என் வெள்ளைச் சட்டையில், வயிற்றுக்கு நேரே, ஒரு தோசை அளவுக்கு மின்னியது. என் விரல்களிலும் மின்னியது.

நான் குனிந்து பார்த்தேன். என்ன நடந்தது என்று எனக்கே விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொருகியிருக்கிறேன். மூலைக்குள் குனியும்போது என் கை கிட்டலைத் தூக்கிச் சொருகியிருக்கிறது. வாளியைத் தூக்கும்போது கீழே விட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

"ஆனால் வசந்தி," என்றா ஃப்ராவ் வீட்மர், "சொருகக்கூடாது என்று உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்" என்றேன். "எல்லோரையும் பழக்கினதே நான்தான். உங்கள் முன்னால், நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, நானே சொருகினேன். நிலத்தில் இழுபடுகிற உடுப்போடு என்னால் வேலை செய்ய ஏலாது. கலாவாலும் ஏலாது. இனி எத்தனை வகுப்பு வைத்தாலும் ஏலாது."

ஹெர் சுட்டர் தொண்டையைச் செருமினார். "குகன் இதை மிகக் கவனமாகத் தெரிந்தெடுத்தார்..."

"என் தம்பி பிழையாகத் தெரிந்தெடுத்தான்."

சொல்லிவிட்டேன். ஜெர்மனில் சொன்னேன், தெளிவாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "அந்தக் காலத்துக்கு அது சரி. அவன் தன் உயரத்துக்குத் தெரிந்தெடுத்தான். நான் அவனிடமே சொன்னேன், அவன் கேட்கவில்லை. கலாவின் எச்சரிக்கையை எடுங்கள். எடுக்க ஏலாது என்றால் எனக்கும் ஒன்று தாருங்கள். அவள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். என் சட்டையில் இன்னும் மின்னுகிறது."

ஃப்ராவ் வீட்மர் என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்கு எப்படி எழுத? உன்னை இரண்டாம் தரம் சாகடித்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இந்த நாட்டில் எது உடனே சரியாகும்? "உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்றார் ஹெர் சுட்டர். கவனத்தில் எடுத்தால் எடுத்ததுதான், அது அங்கேயே கிடக்கும். நான் விடவில்லை. காலையில் அவர் கோப்பி எடுக்க வரும்போது மெசினடியில் நிற்பேன். குட்டன் மோர்கன் சொல்லிவிட்டுக் கலாவைப் பற்றிக் கேட்பேன். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் போய் இருந்துகொண்டு கேட்பேன். மனுசன் என்னைக் கண்டால் படியால் ஏறிப்போகத் தொடங்கினார். நானும் படியால் ஏறினேன். முழங்கால் நோவோடு ஏறினேன்.

கடைசியில் எச்சரிக்கையை எடுத்தார்கள். மன்னிப்பு ஒன்றும் இல்லை, "விடயம் முடிந்தது" என்று ஒரு வரி. மேல்மாடிக்கு எப்படிப் போனது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. பச்சைக் கிட்டலுக்கும் ஓம் சொன்னார்கள், ஆனால் கேள் கூத்தை: நிலவறையில் மிச்சம் இருக்கிற நீலத்தை முதலில் முடிக்கவேண்டுமாம். வீணாக்கக்கூடாதாம்! "வளர்ந்த தாதிகளுக்குக் குடுங்கள், என் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, கட்டை அளவுப் பச்சையில் கொஞ்சத்தை நானே அலுமாரியில் அடுக்கினேன். கலா அதைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "அக்கா, கால் தெரியுது!" என்றாள். அட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்களுக்குச் சந்தோசம். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இல்லத்தில் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் மூலமாகக் கதை அட்லிஸ்வில் முருகன் கோயில் வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனேன். பிரசாதம் வாங்க நிற்கிற இடத்தில் எனக்குக் கேட்கவேண்டும் என்றே ஒருத்தி சொன்னாள். "கூடப்பிறந்தவனையே வெள்ளையளுக்கு முன்னாலை பிழையெண்டு சொன்னவவாம். அவன் செத்தும் விடேல்லை." நான் திரும்பிப் பார்த்து, "ஓம், சொன்னனான். இப்ப என்ன?" என்று கேட்டேன். அவள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டாள். வாய் வீரம்தான். ரயிலில் வரும்போது அவள் சொன்னதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பயமாயிருந்தது மச்சாளை நினைத்துத்தான். தர்சினிக்கு அந்தக் கிட்டல் பெரிய பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், "இல்லத்திலை இவரின்ர பேரிலை ஒரு உடுப்பே இருக்கு" என்று சொல்லுவாள். அதை நான் பறித்துப்போட்டேன். அவள் எடுப்பாள் என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானாக எடுக்க மனம் வரவில்லை.

எடுத்தாள்.

"மச்சாள், கேள்விப்பட்டன்."

"ம்."

"அவர் பிழையெண்டு சொன்னனீங்களாம்."

"ஓம் தர்சினி. சொன்னனான். அந்தப் பிள்ளையின்ர வேலை போகப் பார்த்தது. வேறை வழி தெரியேல்லை."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ மச்சாள்? அவர் உங்களோடை சண்டை பிடிச்ச நாளிலை வீட்டை வந்தால் சாப்பிட மாட்டார். அங்கையும் இஞ்சையும் நடப்பார். பிறகு படுக்கப் போகேக்கை சொல்லுவார், 'அக்கா சொன்னதுதானப்பா சரி. ஆனா அவவிட்டைச் சொல்லிப்போடாதை' எண்டு. நான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

"எந்தச் சண்டைக்கு? கிட்டல் சண்டைக்குமோ?"

"எல்லாச் சண்டைக்கும்தான். அவர் எதுக்கெண்டு சொல்லிறேல்லை. நானும் கேக்கிறேல்லை."

நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் நின்று வாய்விட்டுக் கத்தினேன். என் மனுசன் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடேய் மடையா! ஒரே ஒரு நாள், அந்தக் கோப்பி மெசினடியில், "ஓமக்கா, நீளம்தான்" என்று என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? உன் கிரீடம் விழுந்திருக்குமா? கிட்டலை மாற்றியிருப்போம். கலாவுக்கு எச்சரிக்கை வந்திருக்காது. நான் அத்தனை பேருக்கு முன்னால் உன் பெயரைச் சொல்லி அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவும் தேவையில்லை. இல்லாவிட்டால் கிட்டலைப் பற்றி நீ கடைசிவரைக்கும் நான்தான் பிழை என்று நினைத்துக்கொண்டா போனாய்? இனி நான் ஆரிடம் போய்க் கேட்பது?

திவசத்துக்கு உனக்குப் பிடித்ததெல்லாம் சமைப்போம். எல்லோரும் வந்து, நீ எவ்வளவு நல்லவன் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நல்லவன்தான். நான் இல்லை என்று சொன்னேனா? ஆனால் எனக்கு நல்லவனோடு கதைத்துப் பழக்கமில்லை. எனக்குச் சொல்வழி கேளாத ஒரு தம்பியோடுதான் கதைத்துப் பழக்கம்.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். மற்றவர்கள் உன்னைக் கும்பிடட்டும். நான் கும்பிடமாட்டேன். நீ செய்ததில் சரியை ஆராவது மறந்தால் அவர்களோடு சண்டை பிடிப்பேன். பிழையை ஆராவது பெருமை என்று தூக்கிக்கொண்டு வந்தால் உன்னோடு சண்டை பிடிப்பேன். நான் இருக்கும்வரைக்கும் உன்னைச் சும்மா படமாய்த் தொங்க விடமாட்டேன். நீ வீட்டுக்குப் போய்த் தர்சினியிடமே சொல்லிக்கொள், அக்கா சொன்னது சரியென்று. என்னிடம் சொல்லத் தேவையில்லை. எனக்கு இப்போது தெரியும்.

கோபம் இன்னும் ஆறாத,
உன்னோடு கூடப்பிறந்த ஒரே அக்கா
வசந்தி